ராஜபாளையத்தில் ஒரு ரோமாபுரி வாசல்

தொண்ணூற்றிரண்டு ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். மதுரையில் டெலிபோன் ஆபீஸ் வேலையில் இருந்த நான், மூன்று நாள் லீவு போட்டுவிட்டு எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். கோயிலுக்கோ மலைக்கோ இல்லை. என் தங்கை கிரேஸ் எழுதி நடிக்கும் நாடகத்தைப் பார்க்க.

கிரேஸ் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே வருஷா வருஷம் பொங்கல் விழாவுக்குப் பெண் தொழிலாளிகளே நாடகம் போடுவார்கள். எப்போதும் ராஜா ராணிக் கதைதான். அந்த வருஷம் இவள் ரோமாபுரிக் கதை என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "ராஜா கதையில அவரு உத்தரவு போட்டா முடிஞ்சுபோச்சு. ரோமாபுரில சனங்க முன்னாடி நின்னு பேசி ஜெயிக்கணும்ண்ணே" என்றாள்.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டிக்கெட் பத்து ரூபாய்க்குப் பக்கத்தில். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பசங்கள் கும்பலாக ஏறியதும் மூச்சுவிட இடமில்லை. வலதுபக்க ஜன்னல் சீட்டைப் பிடித்தால் கடைசி அரைமணி நேரம் மலை கூடவே வரும். அன்று எனக்கு அது கிடைத்தது.

மறுநாள் காலை கிரேஸ் என்னை ஒத்திகைக்குச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனாள். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர், வாடகை சைக்கிளில் முக்கால் மணி நேரம். வீட்டில் சத்தம் போட்டுப் பேசினால் அம்மா திட்டுவாள் என்பதால் ஓடைக்கரையில் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். அவளோடு கம்பெனி முதலாளியின் மகள் வசந்தாவும் வந்திருந்தாள். நாடகத்தில் வசந்தாதான் தளபதி. கிரேஸ் அவனுடைய தோழன்.

கதை இதுதான். போரில் ஜெயித்துத் திரும்பும் தளபதி, ஆயுதத்தோடு நகருக்குள் நுழைந்து கிரீடம் சூட்டிக்கொள்ளப் பார்க்கிறான். வாசலில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பது ரோமாபுரிச் சட்டம். போர்க்களத்தில் ஒருமுறை தளபதியால் உயிர் பிழைத்த தோழன், மக்கள் முன்னால் அவனை எதிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. பேச்சைக் கேட்டு மக்கள் தோழன் பக்கம் சாய, தளபதி வாளைக் கீழே வைக்கிறான்.

கிரேஸ் கையை நீட்டி முழங்கிக்கொண்டிருந்தபோது பாரஸ்ட் கார்டு ஒருவர் வேகமாக வந்தார். "ஏம்மா, யாரை இம்புட்டு வையுதே?"

"தளபதியத்தாண்ணே" என்று வசந்தாவைக் காட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கம்பெனி மேனேஜர் காத்திருந்தார். "முடிவை மாத்திரும்மா. நம்ம வசந்தா பாப்பா கத்தியக் கீழ வச்சா நல்லாவா இருக்கும்? வெளியூர்ல இருந்து வியாபாரிக வாராக. கிரீடம் வச்சு முடிக்கணும்னு முதலாளி சொல்லிட்டாரு."

அவர் போனதும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பா திடீரென்று இறந்தபோது, யாரும் கேட்காமலே கிரேஸுக்கு வேலை கொடுத்தவர் அந்த முதலாளி. அம்மா அதைத்தான் சொன்னாள். "ஏட்டி, அவிய நம்மளக் கைவிடல. நீ அவிய மொகத்த முறிக்கப் போறியா?"

கிரேஸ் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அதேதாம்மா எங்கதையும். அந்தத் தோழனும் இப்படித்தான் முழிக்கான்" என்றாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம்தான் விழா. ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாலு மணி பஸ்ஸில் போனோம். கம்பெனி வாசலில் முதலாளி விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். கிரேஸ் நேராக அவரிடம் போனாள்.

"ஐயா, கிரீடம் தயாரா இருக்கு. ஆனா எம் பேச்ச மாத்த மாட்டேன். அதைக் கேட்ட பொறவும் சனங்க கிரீடம் வைங்கன்னு சொன்னா வச்சிருதோம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அம்புட்டு நம்பிக்கையா? சரி, பேசு பாப்போம்."

தறிக்கூடத்துக்கு முன்னால் மேடை. பேண்டேஜ் துணியைத்தான் ரோமானிய அங்கியாகச் சுற்றியிருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று அசல் போலவே இருந்தது. வசந்தா அட்டைக் கவசத்தோடு நிமிர்ந்து நின்றாள். கிரேஸ் முன்னால் வந்தாள். முதல் இரண்டு வரியில் குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை.

"என் உயிர் இவர் தந்தது. இன்றே கேட்டாலும் தருவேன். ஆனால் ரோமாபுரி மக்களே, இந்த வாசல் என்னுடையது அல்ல. என்னுடையது அல்லாத ஒன்றை நான் எப்படித் தருவேன்?"

இதைச் சொல்லும்போது அவள் தளபதியைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த முதலாளியைப் பார்த்தாள்.

கிரீடத்தோடு நின்ற பெண் கூட்டத்தைப் பார்த்து, "சூட்டலாமா?" என்று கேட்டாள். பின்னாலிருந்து, தறி ஓட்டும் ஒரு அக்கா எழுந்து, "வேண்டாம்! கத்தியக் கீழ வைங்க பாப்பா!" என்றார். உடனே நாலாபக்கமும் "வேண்டாம், வேண்டாம்" என்று குரல். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தா அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் மண்டியிட்டு வாளைத் தரையில் வைத்தாள். எழுந்த கைத்தட்டலில் நானும் எழுந்து நின்றது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

முதலாளி மேடைக்குப் பின்னால் வந்தார். மகளிடம் தெலுங்கில், "பாகா சேசினாவு" என்று, நன்றாகச் செய்ததாகச் சொல்லிவிட்டு கிரேஸ் பக்கம் திரும்பினார். "வாசல் உன்னுது இல்லேன்னு சொன்ன. இந்தக் கம்பெனி வாசல் என்னுது, தெரியும்ல?"

"தெரியும் ஐயா. நாடகம் எங்களுது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்த வருசமும் நீயே எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பிவரும் பஸ்ஸில் கிரேஸ் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரரிடம், கேட்காமலே, "எந் தங்கச்சி" என்று சொன்னேன்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி நல்ல காலம். செண்பகத்தோப்புக்குக் காலையிலேயே போங்கள். முதலில் வனத்துறை ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கினால் ராஜபாளையத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. பால்கோவாவைச் சூடாக இருக்கும்போதே வாங்கிச் சாப்பிடுங்கள், பார்சல் வேறு ருசி. ஊர்க்காரர்கள் விழா மேடை போட்டிருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கிரேஸ் எங்கள் வார்டில் நின்றாள். முதலாளி ஆதரித்தது வேறொருவரை. வசந்தா வீடு வீடாக வந்து கேட்டது கிரேஸுக்காக. கிரேஸ் ஜெயித்தாள். நகராட்சியின் முதல் கூட்டத்தில் குடிதண்ணீரைப் பற்றிப் பேச எழுந்தபோது யாரோ, "புதுசா வந்தவங்க, பொறவு பேசலாம், உட்காருங்கம்மா" என்றாராம்.

அவள் உட்காரவில்லை. அடுத்த கோடைக்குள் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது.