தண்ணி வரும்

உங்கள் கட்டிலின் கால்களுக்குக் கீழே அந்தச் செங்கற்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. போன வருஷம் அரைப்பரீட்சை லீவுக்கு நீங்கள் வந்திருந்தபோது, தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வந்ததே, அன்றைக்கு வைத்தது. நான் கட்டிலைத் தூக்க, பெரியவள் ஒவ்வொரு காலுக்கும் செங்கல்லைத் தள்ளினாள். சின்னவன் மேலே உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நாம கப்பல்ல இருக்கோம்" என்று கத்தினான். அது சாக்கடையும் கலந்த தண்ணீர் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த வாரமே அவனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் அம்மா சொன்னாள்:

"இனிமே மழைக்காலத்துல புள்ளைங்கள அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்க. நீங்க வேணும்னா மெட்ராசுக்கு வந்து பாத்துட்டுப் போங்க."

அம்மா சொன்னதில் தப்பில்லை. அவள் நர்ஸ். காய்ச்சல் என்ன செய்யும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். அந்த வேலைக்காகத்தான் நீங்கள் மூன்று பேரும் சென்னைக்குப் போனீர்கள். நான் இங்கே மூலக்குளத்தில் பால் பூத்தோடு இருந்துவிட்டேன். பூத்தை விட்டுவிட்டு அங்கே வந்து நான் என்ன வேலை செய்வது? வருஷத்தில் இரண்டு லீவுக்கு நீங்கள் வருவீர்கள். அதில் ஒன்று மழையோடு போய்விட்டது.

இதையெல்லாம் எழுதி வைப்பதற்குக் காரணம், போனில் சொன்னால் பாதியில் டவர் போய்விடுகிறது. டவர் இருந்தால் சின்னவன் விளையாடப் போய்விடுகிறான். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால், பெரியவளே, நீ திருத்திக்கொள்.

நீங்கள் போனபிறகு நான் இன்னும் ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. எப்படி வைத்தாலும் நாலு பேருக்கு ஆகிவிடுகிறது. உங்கள் கட்டிலில் நான் படுப்பதில்லை. கூடத்தில் பாய் போட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் போன் பண்ணும்போது "எப்ப வருவீங்க?" என்று கேட்பேன். "வருவோம்பா" என்பீர்கள். நானும் "சரி" என்பேன். அந்த "வருவோம்"தான் இந்தக் கதையில் பெரிய ஆள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

நம் வீடு தெருவில் கடைசி வீடு. அதைத் தாண்டினால் பள்ளம். கோடையில் நீங்கள் கிரிக்கெட் ஆடுகிற இடம். மழை பெய்தால் தெருத்தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய் நிற்கும். தை மாதம் வரைக்கும் தவளை கத்தும், பிறகு காய்ந்துவிடும். போன வருஷம் யாரோ வீடு இடித்த கல்லையும் மண்ணையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து அதில் பாதியை மூடிவிட்டார்கள். போக இடம் இல்லாத தண்ணீர் திரும்பி நம் வாசலுக்கு வந்தது.

இந்த வருஷ வெயில் காலத்தில், பூத்தின் ஜன்னலில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து நம் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று இங்கே குடியிருப்பவர்களையே கேட்டுத் திட்டம் போடப் போகிறார்களாம். கல்யாண மண்டபத்தில் கூட்டம். டீ, வடை உண்டு. பால் வாங்க வந்தவர்கள் வடையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். நான் வருஷத்தைக் கணக்குப் பண்ணினேன். இருபத்தைந்து வருஷம் கழித்துப் பெரியவளுக்கு இப்போது எனக்கு இருக்கிற வயசு ஆகியிருக்கும். அதனால் போனேன்.

மண்டபத்தில் மணமேடை காலியாகக் கிடந்தது. கீழே மேசை மேசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வரைபடம் விரித்திருந்தார்கள். நம் தெரு அதில் ஒரு நூல் அளவுதான். நம் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தேன். வைத்ததும் வீடு மறைந்துவிட்டது.

என் மேசையில் நம் தெரு ஆட்கள்தான். உங்களுக்குத் தெரியும், ரிட்டயர் ஆன கண்டக்டர் தாத்தா, நான் அக்கா என்று கூப்பிடுகிற உங்கள் இட்லிக்கடை அத்தை. நடத்திக் கொடுக்க ஒரு வெளியூர்ப் பெண் வந்திருந்தாள். நல்ல பிள்ளை. சிரித்த முகம்.

"எல்லாரும் கண்ண மூடிக்கங்க" என்றாள். "இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாள் காலைல உங்க தெருவுல நிக்கிறீங்க. என்ன வரும்? யாரு இருப்பாங்க? மனசுல பாருங்க."

"நான் போட்டோவுல இருப்பேம்மா" என்றார் கண்டக்டர். "மாலையோட."

"கண்ண மூடச் சொல்லிட்டு என் வடைய எடுத்துடாதீங்கண்ணே" என்றது இட்லிக்கடை அக்கா.

"உன் இட்லியத் தின்ன வாயி. வடை என்னா, கல்லக் குடுத்தாலும் கரைக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். தெரு தெரிந்தது. வீடு தெரிந்தது. கதவு பூட்டியிருந்தது. உங்கள் முகம் எவ்வளவு முயன்றும் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. கண்ணைத் திறந்து, கொடுத்த சீட்டில் எழுதினேன்: "எங்கள் தெருவில் தண்ணி வரும்."

சாயங்காலப் பால் வண்டி வருகிற நேரம் ஆகிவிட்டதால் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து அதே மண்டபத்தில் இரண்டாவது கூட்டம். திரையில் படம் காட்டினார்கள். முதலில் பார்த்தது என் சீட்டைத்தான். பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். என் கோணல் கையெழுத்து மேசை அகலத்துக்கு நின்றது. மேலே "மக்களின் கனவு" என்று போட்டிருந்தது. அடுத்த படம் நம் பள்ளம். அதைத் தெரு மட்டத்துக்கு மேலேயே மண் கொட்டி உயர்த்தி, குடிதண்ணீருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, பக்கத்தில் வண்டி நிறுத்துகிற இடம். தண்ணீர் வேண்டும் என்று மக்கள் கேட்டதால் அரசு நிலமாகப் பார்த்து இந்த இடத்தைக் குறித்திருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். கைத்தட்டல் வந்தது. நம் தெருவில் குடம் தூக்காத கை எது? தட்டத்தான் செய்வார்கள்.

நான் தட்டவில்லை. பள்ளத்தை மூடினால் ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். அப்புறம் அம்மாவை நான் எந்த முகத்தோடு கேட்பது? எழுந்து நின்றேன்.

"அம்மா, அந்தச் சீட்டு நான் எழுதினது. நான் சொன்னது அந்தத் தண்ணி இல்ல."

"வேற எந்தத் தண்ணி சார்?"

"வூட்டுக்குள்ள வர்ற தண்ணி. மழை பெஞ்சா எங்க தெருவுல தண்ணி வரும். அதத்தான் எழுதினேன்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. கண்டக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், உக்காருய்யா. கெடைக்கிற டேங்கக் கெடுக்காத."

"ஏன் தம்பி, உன் ஒரு வூட்டுக்காவ தெருவே குடத்தத் தூக்கிக்கிட்டு அலையணுமா?" என்றது அக்கா.

பின்னால் யாரோ சொன்னார்கள்: "அவரு வூட்ல யாரு இருக்கா? தனி ஆளு. தண்ணி வந்தா கட்டில் மேல ஏறி உக்காந்துக்கிட்டா போவுது."

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன், பிள்ளைகளே. கூட்டத்தில் எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தன் மட்டும் சிரிக்காமல் நிற்பது கஷ்டம். பிறகு சொன்னேன்:

"என் புள்ளைங்க வருவாங்க."

அந்தப் பெண் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எப்போ சார் வருவாங்க?"

"வருவாங்க" என்று மறுபடியும் சொன்னேன்.

அவள் விடாமல் கேட்டாள். "வருவாங்கன்னா... வழக்கமா வருவாங்களா? இல்ல, இனிமேதான் வருவாங்களா?"

"ரெண்டுந்தாம்மா. வழக்கமா வந்துக்கிட்டு இருந்தாங்க. இனிமே மழை லீவுக்கு வர்றது அந்தத் தண்ணியப் பொறுத்து."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பையிலிருந்து எல்லாச் சீட்டையும் எடுத்து மேசையில் கொட்டினாள். "நான் 'என்ன வரும்'னு கேட்டேன். நீங்க எல்லாரும் 'வரும்'னு எழுதிட்டீங்க. எது ஆசை, எது தினமும் படற பாடுன்னு நான் கேக்கவே இல்ல. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

நாம் பேசுகிற பேச்சு அப்படி. காலையில் சூரியன் வரும் என்கிறோம், நாளைக்கு மாமா வரும் என்கிறோம். இரண்டுக்கும் ஒரே "வரும்." பெரியவளே, இதை உன் தமிழ் டீச்சரிடம் கேட்டுப் பார்.

முதல் சீட்டு "பஸ் வரும்." அதையும் கனவுப் பக்கத்தில் சேர்த்திருந்தார்கள். கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "நான் எழுதினதும்மா. வரும்னா... வரும். எப்பவாவது. நின்னு நின்னு கால் வீங்கினப்புறம்."

அடுத்தது "பாம்பு வரும்."

"அடிப்பாவி" என்றது இட்லிக்கடை அக்கா. "அதையும் கனவுன்னு ஒட்டிட்டியா?"

இந்தத் தடவை அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். அக்காதான் முதலில் சிரிப்பை நிறுத்தியது. "இரு இரு. பள்ளத்த மூடிட்டா அந்தப் பாம்பு எங்க போவும்? என் கடைக்குத்தான வரும்? போன மழைக்கே தண்ணி என் அடுப்பத் தொட்டுட்டுத் திரும்புச்சு. பாதி பள்ளம் இருந்தப்பவே அந்தக் கதி." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இத முன்னாடியே சொல்றதுக்கென்னா? வாயில கொழுக்கட்டையா?" என்றது.

"டேங்கும் வேணும்" என்றார் கண்டக்டர். "அத விட முடியாது."

"வேணாம்னு யாருண்ணே சொன்னது? தெரு முனையில இடிஞ்ச ரேஷன் கடை இருக்குதே. அது மேடுதான?" என்றது அக்கா.

வரைபடத்தைச் சுற்றித் தலைகள் குனிந்தன. ரேஷன் கடை இருந்த இடத்தில் தொட்டிக்கு ஒரு பொட்டு வைத்தார்கள். பள்ளத்துக்கு, அங்கே மழைத்தண்ணீர் நிற்கட்டும் என்று, நீலப் பொட்டு. அதை அக்காதான் ஒட்டியது. ஒட்டிவிட்டு, பறக்காமல் இருக்க விரலால் அழுத்தியது. கடைசியில் ஒரு அதிகாரி எழுந்து, இது வரைவுதான், முடிவு இல்லை, உங்கள் கருத்தை மேலே அனுப்புவோம் என்றார். அது உண்மைதான். நீலப் பொட்டு வைத்ததால் மட்டும் பள்ளம் பிழைத்துவிட்டது என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அன்று பூத்துக்குத் திரும்பியபோது மனசு நிறைந்திருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்களுக்கு டியூஷன் நேரம். அம்மாவுக்கு டூட்டி. பால் வாங்க வந்த ஒருவரிடம், "சார், இன்னிக்கு மண்டபத்துல" என்று ஆரம்பித்தேன். "அரை லிட்டர் ரெண்டு" என்றார். கொடுத்தேன்.

அதற்கப்புறம் அக்கா விடவில்லை. தினமும் இட்லி வியாபாரம் முடிந்ததும் அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டது. கண்டக்டரும் துணைக்குப் போவார். என்னையும் இரண்டு மூன்று தடவை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் ஜேசிபி வந்து பள்ளத்தில் கொட்டியிருந்த கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போனது. தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது.

ஐப்பசியில் முதல் பெரிய மழை. குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று உங்களுக்கு வீடியோ கால் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் நம் வாசலைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தவளைச் சத்தத்தில் நீங்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. "கப்பல் இல்லையாப்பா?" என்று சின்னவன் கேட்டது மட்டும் கேட்டது. அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"வாசப்படியக் காட்டுங்க." காட்டினேன். "உள்ள தரையக் காட்டுங்க. கட்டிலுக்குக் கீழ." குனிந்து காட்டினேன். செங்கல் உலர்ந்திருந்தது.

பிறகு அம்மா சொன்னாள்: "சரி. அரைப்பரீட்சை லீவுக்கு வரோம்."

"வருவோம்" என்று சொல்லவில்லை. "வரோம்" என்றாள்.

லீவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பூத்தை மூடிவிட்டு மத்தியான நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே தூறுகிறது. காலையில் கூடத்தைக் கழுவிவிட்டேன். உங்கள் போர்வையைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருக்கிறேன். அந்தச் செங்கற்களையும் எடுத்துவிடலாம் என்று கட்டிலின் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது. ஆனால் தூக்கிப் பிடித்துக்கொண்டே குனிந்து செங்கல்லை உருவ முடியவில்லை. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். நீங்கள் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.