அம்மாவும் வரலாம்

எம்.பி.ஏ. கடைசி வருடம் முழுக்க நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சிக்குப் போனேன். விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதுதான் வேலை. இன்ஸ்டாகிராமில் நான் போட்ட ரீல்ஸுக்கு லைக் கொட்டியது. நேர்காணலுக்குத்தான் ஆள் வரவில்லை. எரிச்சலாக இருந்தது. வந்த சிலரும் அம்மாவோடு வந்தார்கள். மகள் உள்ளே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா வெளியே என்னைக் குடைவார். நைட் ஷிப்ட் உண்டா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக விடுவீர்களா? வேலை முடிந்தால் களியக்காவிளை பஸ் கிடைக்குமா? என் பதில் அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால், தேர்வான மகள்கூட வேலையில் சேர வரமாட்டாள்.

அடுத்த விளம்பரத்தில் 'அம்மாவும் வரலாம்' என்று போட்டேன். வரவேற்பறையில் உட்கார இடமில்லை. மேலாளர் என் பக்கத்தில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். என் பயிற்சி முடியப்போகிற நேரம் அது. தோவாளையிலிருந்து வந்த ஓர் அம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்கா. ஒன்ன இங்க வேலைக்கு எடுத்தாச்சா?"

நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் டீ சொல்லப் போய்விட்டார்.