ஏணி வைக்காமல் தகர வாய்க்கால் கழுவிய நாள்

கோட்டுச்சேரிமேட்டில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தகர வாய்க்கால் இருந்தது. காரைக்கால் டவுனில் பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு ஒன்றை இடித்தபோது அப்பா அதை வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் ஓட்டுக்கூரையின் ஓரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பொருத்தினார். ஓட்டில் விழுகிற மழையெல்லாம் அதில் இறங்கி, ஒரு முனையில் இருக்கும் குழாய் வழியாகச் சிமெண்டுத் தொட்டிக்கு வந்துவிடும். எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். மழைக்காலத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடக்காத ஒரே பொம்பளை எங்கள் அம்மாதான் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அம்மா அதைக் காதில் விழாதமாதிரி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தத் தகரத்துக்கு வாசல் பூவரசமரமும் காக்கைகளும் ஜென்ம விரோதிகள். பூவரசு இலையாகக் கொட்டும். கருவாடு காயப்போடுகிற ஊரில் காக்கைக்கு என்ன குறைச்சல்? மீன் தலையையும் முள்ளையும் கவ்விக்கொண்டு வந்து எங்கள் தகரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடும். எச்சிலையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகும். வருஷா வருஷம் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் அப்பா ஏணி வைத்து ஏறி எல்லாவற்றையும் அள்ளிப் போடுவார். இல்லாவிட்டால் தொட்டியில் விழுவது தண்ணீரா மீன்குழம்பா என்று தெரியாது.

முந்தைய வருஷம் அப்படி ஏறினபோதுதான் ஏணி சறுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து கட்டுப் பிரித்து வந்தபிறகும் அந்தக் கால் சரியாக மடங்கவில்லை. கடலுக்குப் போவது நின்றது. கரைவலை இழுக்கும்போது முன்னால் நின்று பாட்டுச் சொல்கிறவர் அவர்தான். அவர் ஒரு அடி சொல்ல, கயிறு பிடித்த அத்தனை பேரும் ஏலேலோ என்று வாங்கி ஒரு இழுப்பு இழுப்பார்கள். அதுவும் நின்றது. கூடவே பேச்சும் நின்றுவிட்டது. கைத்தடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, யார் யாருடைய கிழிந்த வலையையோ முடிந்துகொண்டிருப்பார். நாம் கேட்டால் ஒரு வார்த்தை வரும். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அம்மா கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தருமபுரம் பக்கம் விற்கப் போனாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அதனால் நாள் முழுக்க உட்கார்ந்து பயப்பட எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. எனக்கிருந்த ஒரே வேலை அப்பாவைக் காவல் காப்பது. அவர் ஏணிப் பக்கம் போனால் தெருவையே கூப்பிட்டுவிட வேண்டும் என்று அம்மா தினமும் சொல்லிவிட்டுப் போவாள். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட நானும் கூடவே எழுந்துவிடுவேன்.

அந்த ஐப்பசியில் மேகம் கறுக்க ஆரம்பித்தது. அப்பா வலையை விட்டுவிட்டு அடிக்கடி தகரத்தை அண்ணாந்து பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெரியப்பா, நான் ஏறி அள்ளிப் போட்டுடுறேனே என்று தன்மையாகத்தான் கேட்டார். அப்பா அன்றைக்கு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "எங் கூரையில அடுத்தவன் ஏறுறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?" பெரியப்பா திரும்பிப் போய்விட்டார். மறுநாள் அப்பா ஏணியின் படிகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். சாயங்காலம் அம்மா வந்ததும் சொன்னேன். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்தவர் ஏறினால் அப்பாவுக்கு ஆகாது. அப்பா ஏறினால் எங்களுக்கு ஆகாது. மழையோ யாரையும் கேட்டுக்கொண்டு வரப்போவதில்லை. அம்மா டவுனுக்கு ஆளனுப்பி மாமாவை வரச்சொன்னாள்.

மாமா அம்மாவுக்கு நேர் தம்பி. டவுனில் சைக்கிள் கடையில் வேலை. உலகத்தில் எந்தக் கஷ்டத்தையும் ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டு ரப்பர் டியூபும் இருந்தால் தீர்த்துவிடலாம் என்பது அவர் கட்சி. காலையில் சைக்கிளில் வந்து இறங்கியவர் தகரத்தை ஒரு பார்வை பார்த்தார். ஏணியில் ஒரு ஈ காக்கை ஏறாமல் முடித்துக் காட்டுவதாகச் சொல்லி அம்மாவைக் கருவாடு விற்க அனுப்பிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பரபரப்புதான் ஜெயித்தது.

முதலில் நீள மூங்கிலின் நுனியில் விளக்குமாற்றை வளைத்துக் கட்டி, கீழே நின்றபடி தகரத்துக்குள் விட்டு இழுத்தார். இழுத்த குப்பை எங்கே வரும்? நேராக அவர் முகத்துக்குத்தான் வந்தது. மீசையில் ஒரு மத்தி முள் தொங்கியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பில் நீள டியூபைச் சொருகி மூங்கிலோடு தூக்கிப் பிடித்து, ஊதித் தள்ளிவிடலாம் என்று என்னைப் பம்ப் அடிக்கச் சொன்னார். கை கடுக்க அடித்தேன். மேலே ஒரு இலை மட்டும் திரும்பிப் படுத்தது.

அன்றைக்குக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. தெரு ஆம்பளைகளுக்கெல்லாம் வேறு வேலை இல்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எங்கள் வாசலில் கூடினார்கள். பம்ப் அடித்ததில் கூரை வீங்கிவிட்டதா என்று ஒருவர் விசாரித்தார். பஞ்சர் எங்கே என்று தண்ணியில முக்கிப் பாருங்க என்றார் இன்னொருவர். மாமா காது இரண்டும் சிவக்க நின்றார். அந்த ரோஷத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

கிழிந்த வலைத்துண்டுகளோடு தேங்காய் மட்டையைச் சேர்த்துச் சுருட்டி, பூனைப் பருமனுக்கு ஒரு உருண்டை கட்டினார். அதற்கு இரண்டு பக்கமும் கயிறு. உருண்டைக்கு எலி என்று பேரும் வைத்தார். எலியைத் தகரத்துக்குள் விட்டு, குழாய்ப் பக்கம் நிற்கிறவர்கள் இழுக்க வேண்டும், அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் கயிற்றைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். எலி குப்பையைத் தள்ளிக்கொண்டே வந்து வெளியே போட்டுவிடும். கேட்டால் யாருக்கும் குறை சொல்லத் தோன்றாத யோசனை. முதலில் கயிற்றைக் கூரைமேல் நீளவாட்டில் போட வேண்டும், அப்புறம் அது சரிந்து தானே தகரத்துக்குள் இறங்கிவிடும். கயிற்று நுனியில் வலையில் கட்டுகிற ஈயக்குண்டைக் கட்டி மாமா வீசினார். முதல் வீச்சில் ஒரு ஓடு உடைந்தது. அடுத்த வீச்சில் பெரியப்பா வீட்டுக் கோழி அலறிக்கொண்டு ஓடியது.

அப்பா வலையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். தடியை ஊன்றி எழுந்தார். ஏணி சுவரோரம்தான் சாத்தியிருந்தது. ஆனால் அவர் ஏணிப் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவிடம் கையை நீட்டினார். குண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், கயிற்றை வளையமாகச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார், இடுப்பைத் திருப்பி ஒரே ஒரு வீச்சு. குண்டு கூரையின் மேலாகவே போய் அந்தக் கோடியில் மண்ணில் பொத்தென்று விழுந்தது. கயிறு ஓட்டின்மேல் கோடு போட்டமாதிரி கிடந்து, மெல்லச் சரிந்து, தகரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வாசலில் கூடியிருந்தவர்கள் வாயிலிருந்த பீடியை எடுக்க மறந்து நின்றார்கள்.

அதற்குப்பிறகு யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. கயிற்றில் கட்டி இழுத்ததும் எலி மேலே ஏறித் தகரத்துக்குள் போனது. குழாய்ப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், கயிற்றைப் பிடித்துக்கொண்டது. மாமா நடுவில் நின்று ஒன், டூ, த்ரீ என்றார். ஒருவர் ஒன் என்றதுமே இழுத்தார், ஒருவர் த்ரீ முடிந்தும் யோசித்துக்கொண்டிருந்தார். எலி அசையவில்லை. மறுபடி எண்ணினார். எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கயிற்றைக் கோட்டைவிட்டார்கள்.

பெரியப்பாதான் சொன்னார். "தம்பி, நீ ஒரு அடி சொல்லு. உன் பாட்டு இல்லாம எங்க கையி வரமாட்டேங்குது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமினார். பிறகு,

"டவுனு மச்சான் வந்தாராம்," என்றார், அடித்தொண்டையில்.

"ஏலேலோ," என்றது வாசல் முழுவதும்.

"கூரையில எலிய விட்டாராம்."

"ஏலேலோ."

"காக்கா வெச்ச கருவாட்ட, கயிறு போட்டு இழுத்தாராம்."

மாமாவே சிரித்துவிட்டார். அப்பாவின் குரல் கரகரப்பு போய் மேலே ஏறிக்கொண்டே போனது. வீடுகளுக்குள்ளிருந்து பொம்பளைகள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எனக்கு என்னை அறியாமல் கால் குதித்தது. நானும் ஏலேலோ போட்டேன். எலி நகர்ந்தது. முள்ளும் இலையும் கறுப்புச் சேறும் குழாய்ப் பக்கம் தொப்பு தொப்பென்று விழ ஆரம்பித்தன.

தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. கரைவலைக்கு இரண்டு கயிறு. இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வலை கரைக்கு வரும். விட்டுக்கொடுக்கிற வேலையே அதில் கிடையாது. பிறந்ததிலிருந்து இழுத்த கைகள். பாட்டு சூடு பிடித்ததும் தளர்த்த வேண்டிய கூட்டம் தளர்த்துவதை மறந்துவிட்டது. அவர்களும் இழுத்தார்கள். நடுத்தகரத்தில் எலி இறுகி நின்றுவிட்டது. கயிறு இரண்டு பக்கமும் விறைத்து, தகரத்தின் இரண்டு முனைகளையும் கீழே அமுக்கியது. எதை எடுத்தாலும் பயப்படுகிற கண் என்னுடையது. அதனால் முதல் ஆணி வெளியே எட்டிப் பார்த்ததை நான்தான் பார்த்தேன். அடுத்த ஆணியும் தலையை நீட்டியது.

ஓடிப்போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, ஆணி கழலுதுப்பா என்று கத்தினேன். அப்பா குனிந்து என்னைப் பார்த்தார். அண்ணாந்து ஆணியையும் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் உரக்க அடுத்த அடியை எடுத்தார்.

கடைசி ஏலேலோவுக்கு, பிரெஞ்சுக்காரன் காலத்துத் தகரம் மொத்தமும், தாங்கியிருந்த இரும்புப் பட்டைகளோடு, இடி இறங்கினமாதிரி வாசலில் வந்து இறங்கியது. நல்லவேளை, கயிறு பிடித்தவர்கள் இரண்டு ஓரத்திலும் நின்றார்கள். மாமா துள்ளிக் குதித்து விலகியதில் தகரத்துக்குத் தப்பினார், சேற்றுக்குத் தப்பவில்லை. தெரு நாய்கள் குரைத்தன. காக்கைகள் எல்லாம் பூவரசிலிருந்து எழுந்து பறந்தன.

அந்த நேரம் பார்த்து, தலையில் கூடையோடு அம்மா தெரு திரும்பினாள்.

எல்லாரும் கயிற்றைக் கீழே போட்டார்கள். ஒரு தம்ளர் நசுங்கினால் மூன்று வீடு கேட்கப் பேசுகிறவள் அம்மா. நான் பூவரசுக்குப் பின்னால் போய்விட்டேன். அம்மா நெளிந்து கிடந்த தகரத்தைப் பார்த்தாள். முகமெல்லாம் சேறாக நின்ற தம்பியைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அவர் கழுத்து நரம்பு புடைத்திருக்க, வேர்த்து வழிய, தடி எங்கே போனதென்றே தெரியாமல் ரெண்டு காலில் நின்றுகொண்டிருந்தார்.

"பாடுனது யாரு?" என்றாள். "பனமரத்தடி வரைக்கும் கேட்டுச்சு."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இழுத்தவர்களுக்கெல்லாம் டீ போட வேண்டும், அடுப்பைப் பற்றவை என்று என்னை உள்ளே விரட்டினாள். அவ்வளவுதான். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. கூரையின் நீளத்துக்கும் தண்ணீர் திரையாகக் கொட்டியது. தொட்டியில் ஒரு பொட்டு விழவில்லை. அம்மா குடம், அண்டா, மீன் அலசுகிற சட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு நனைந்துகொண்டே நின்றாள். தகரத்தைக் கடைக்குக் கொண்டுபோய் நெளிவெடுத்துத் தருகிறேன் என்று மாமா கெஞ்சாத குறையாகச் சொன்னார். "இப்ப என்னடா அவசரம், மெதுவா பாத்துக்கலாம்," என்றாள். தினமும் கிணற்றுக்கு நடக்கப்போகிறவள் பேசுகிற பேச்சா அது?

நான் அப்பாவிடம் போய், ஆணி கழல்வதைப் பார்த்தும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். பாட்டைப் பாதியில் விட்டால் கயிறு கையை அறுத்துவிடும் என்றார். தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அப்பாவுக்குக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடுறீங்களா என்றால் தலையை ஆட்டினார். ஒருநாள் பாடிவிட்டுப் பழையபடி ஆகிவிட்டாரே என்று, அப்போதுதான் கூடையோடு கிளம்பியிருந்த அம்மாவின் பின்னால் ஈர மண்ணில் ஓடினேன். ரோட்டு முனையில் பிடித்தேன்.

"அம்மா, அப்பா திரும்பவும் பேச மாட்டேங்குறாரும்மா."

அம்மா ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லா இருக்கட்டும்," என்றாள். "மிளகு தட்டி வெச்சிருக்கேன், பாலுல போட்டுக் குடு." பிறகு ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவிடுவென்று நடந்துவிட்டாள். மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் நின்று யோசித்துப் பார்த்தேன். முந்தாநாள் வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரும் அப்பாதான், இன்றைக்கு உட்கார்ந்திருப்பவரும் அதே அப்பாதான். அவளுக்கு மட்டும் என்ன வித்தியாசம் தெரிகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் தனியாக இருக்கிறாரே என்ற நினைப்பு வந்ததும் பதறிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி ஓடினேன்.