பின்சீட்டில் அறுபது கிலோ

அன்பு நண்பனுக்கு,

'அன்பு' என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அடிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

இதில் இருப்பது எல்லாம் நடந்தது. கனவு இல்லை. நான் குடிப்பதில்லை என்பது உனக்கே தெரியும். நேரங்களை என் சர்வீஸ் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், உன் பைக் என் கைக்கு மாறிய அன்று யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று எழுதிவிடுகிறேன். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று நீ பிறகு சொல்லக்கூடாது. எங்கள் வீட்டுச் சமையலறை மேசை. ஜன்னல் பக்கம் நான். என் இடது கைப் பக்கம் என் மனைவி. எதிரே நீ. உன் அருகில் உன் மனைவி; டீ கோப்பையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவே இல்லை. ஐந்தாவது நாற்காலி என் தம்பியுடையது. மூன்று வருடமாக அதில் யாரும் உட்காருவதில்லை. அன்று நீ உன் ஹெல்மெட்டை அதன் மேல் வைத்தாய்.

பேச்சை ஆரம்பித்தது என் மனைவிதான்.

"அண்ணா, பின்சீட் எப்படி? நாலு நாள் டூர், உக்காந்துட்டுப் போகணும். என் இடுப்பு திரும்பி வருமா?"

"தங்கச்சி, இது வண்டி இல்ல, சோபா. ஹாரன் வெச்ச சோபா!"

"அப்ப யாரோ உக்காந்து பாத்துதானே சொல்றீங்க?"

"பின்னாடியா? என் வண்டியில பின்னாடி ஒரு ஆளு உக்காந்ததில்ல. என் பொண்ணு மேல சத்தியம்."

நாங்கள் சிரித்தோம். ஒரு சீட்டுக்குப் போய் யாராவது பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்வார்களா? உன் மனைவி சிரிக்கவில்லை. அதை அன்றே கவனித்தேன். நோட்டில் எழுதத் தோன்றவில்லை.

பதினொரு வருடம் உன் பின்விளக்கைப் பார்த்தே வண்டி ஓட்டியவன் நான். நீ திரும்பினால் திரும்புவேன். நீ நின்றால் நிற்பேன். நம் பைக் கூட்டத்துக்கு நீதான் முன்னோடி. என் தம்பி மட்டும் உன்னைத் 'தலைவரே' என்பான். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, நீயும் விட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன் சூரியோதயத்தைப் படம் எடுக்கிறேன் என்று விடியுமுன் கிளம்பிப் போனவன் அவன். யாரிடமோ லிஃப்ட் கேட்டுப் போய் இறங்கி, மலைப்பாதை வளைவில் தனியாக நடந்து போனபோது அடையாளம் தெரியாத வாகனம் அடித்துவிட்டது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அவன் சவப்பெட்டியை நான்கு பேர் தூக்கினோம். எனக்கு நேர் முன்னால் நீ. உன் தோள் குலுங்கியதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அதோடு நீ வண்டி ஓட்டுவதை விட்டாய். முதுகுவலி என்றாய். நம்பினேன்.

அவனை அங்கே போட்டுவிட்டுப் போனது யார்? இந்த ஒரு கேள்வி என்னை ஒரு ராத்திரிகூட முழுதாகத் தூங்கவிட்டதில்லை. அதுவும் உனக்குத் தெரியும். எத்தனை தடவை உன்னிடமே கேட்டிருக்கிறேன்!

வண்டிக்கு வருகிறேன். வந்ததும் ஆயில், ஃபில்டர், செயின், பிரேக் எல்லாம் புதிதாக மாற்றினேன். காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க உயரமான முன்கண்ணாடி, குளிருக்குச் சூடாகும் கைப்பிடி, இரண்டு பக்கப் பெட்டிகள், மனைவி சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டு வைத்த பின்பெட்டி. ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து முறுக்கி, வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். தளர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். என் வழக்கம்தான், நீ கிண்டல் செய்வாயே, "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ண மாட்டாங்கடா" என்று.

பின் சஸ்பென்ஷனுக்கு வலது பக்கம் ஒரு கைத்திருகு இருக்கிறது அல்லவா? ஒற்றை ஆளுக்கு எட்டு கிளிக். பின்னால் ஒரு ஆள் ஏறினால் இருபது. செவ்வாய் இரவு 9.10-க்கு எட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

புதன் காலை ஆறு மணி. இருபதில் இருந்தது.

மனைவியைக் கேட்டேன்.

"நான் வாஷிங் மெஷின் திருகையே தொடறதில்ல. அதையும் நீங்கதான் வந்து திருப்பறீங்க. போங்க அந்தப் பக்கம்."

மறுபடி எட்டு. வியாழன் காலை, இருபது. அன்று இரவு திருகின் மேல் டேப் ஒட்டினேன். ஷெட்டைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். வெள்ளி காலை டேப் கிழியவில்லை, சுருங்கவும் இல்லை. ஒட்டினது ஒட்டினபடி.

திருகு மட்டும் இருபது.

அன்று மாலை 7.15. ஹெட்லைட்டைச் சரிபார்க்க ஷெட் சுவரில் நீல டேப்பால் ஒரு கோடு ஒட்டி வைத்திருக்கிறேன். வெளிச்சம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். போட்டேன். கோட்டுக்கு ஒரு சாண் மேலே அடித்தது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால்தான் முன் வெளிச்சம் மேலே போகும். வண்டியில் யாரும் இல்லை. பெட்டிகளும் காலி.

வெளிச்சம் விழுந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் வெளிச்சம் இறங்கி நீல டேப்பில் வந்து நின்றது. மெதுவாக இல்லை. ஒரு ஆள் இறங்கினால் எப்படியோ, அப்படி.

மனைவியைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். வெளிச்சம் ஏறியது. அதே பென்சில் கோடு. நூல் வித்தியாசம் இல்லை. அவள் அறுபது கிலோ. ஐம்பத்தெட்டு என்பாள்.

நோட்டில் எழுதினேன்: 'பின்சீட். ஆள் இல்லை. சுமார் அறுபது கிலோ.' எழுதியதைப் படித்தேன். நோட்டை மூடிவிட்டேன்.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போனேன். பெட்டிகளையும் சீட்டையும் கழற்றி, டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்தார்.

"ஷாக் அப்சார்பர் நல்லா இருக்கு சார். ஆனா பின் ஃபிரேம் மாத்தியிருக்கு. சீட், பின்னாடி பிடிச்சுக்கிற கம்பி, வலது கால்மிதி, எல்லாமே புதுசு."

"அடி வாங்கின வண்டியா?"

"முன்னாடி ஒண்ணும் ஆகல. பின்னாடி மட்டும் செமத்தியா வாங்கியிருக்கு. வித்தவர் சொல்லலையா?"

"அவன் என் நண்பன்."

"அதனாலதான் சொல்லல சார்."

அங்கிருந்தே உனக்குப் போன் செய்தேன். நின்ற வண்டியை யாரோ வேன்காரன் தட்டிவிட்டான் என்றாய். ஏன் சொல்லவில்லை என்றதற்கு "மறந்துட்டேன் மச்சி" என்றாய். அதையும் நம்பினேன். என்னைப் போல ஒரு மடையன் உனக்குக் கிடைப்பானா?

ஞாயிறு. நாங்கள் கிளம்ப இன்னும் ஒரு வாரம். மனைவியை ஏற்றுவதற்கு முன் நான் மட்டும் மலைப்பாதை வரை போய்ப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அவளை எந்த நேரத்தில் அழைத்துப் போகப்போகிறேனோ அதே நேரத்தில். 4.20-க்குக் கிளம்பினேன். திருகு எட்டு. பின் கால்மிதிகளை மடித்தேன். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் பேசிக்கொள்ள வண்டியோடு நீ கொடுத்த ஹெட்செட் ஹெல்மெட்டில். "ஜோடியா வாங்கினது, ரெண்டாவது எங்கயோ தொலைஞ்சுபோச்சு" என்றாயே, அது.

4.41-க்கு ஏற்றம் ஆரம்பித்தது. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. பாட்டுகூடப் போடவில்லை.

4.47.

காதில் 'டிங்' என்று ஒரு சத்தம். பிறகு ஹெட்செட்டின் அந்த இயந்திரப் பெண் குரல். இரண்டாவது ஆள் இணைந்துவிட்டதாகச் சொன்னது.

அதே நொடியில் வெளிச்சம் சாலையை விட்டு மரக்கிளைகளுக்கு ஏறியது…

பின்பக்கம் அமுங்கியது. வளைவில் வண்டி கனத்தது. அந்தக் கனம் சும்மா இல்லை. நான் சாயும்போது அதுவும் சாய்ந்தது. பழகின ஆள் சாய்வதுபோல.

கண்ணாடியில் பார்த்தேன். இருட்டு.

இடது தோளில் இரண்டு தட்டு.

டப்… டப்…

நம் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு என்றால் 'மெதுவாப் போ'. ஆக்சிலரேட்டரை விட்டேன்.

அடுத்த வளைவு.

மூன்று தட்டு. அவசரமாக.

டப். டப். டப்.

மூன்று என்றால் 'நிறுத்து'.

நிறுத்தினேன். 4.51. இன்ஜினை அணைத்தேன். ஹெட்லைட் மட்டும் மரத்தின் மேலே.

அது எந்த வளைவு என்று அப்போதுதான் பார்த்தேன்.

காதில் மூச்சு…

ஈரமான, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

"தலைவரே…"

தம்பி.

"தலைவரே… போயிடாதீங்க…"

நான் நகரவில்லை. வண்டி நிற்கிறது. இரண்டு காலும் தரையில். ஆனால் அந்தக் குரல் என்னை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"தலைவ… போயி… தீங்க…"

கர்ர்ர்…

"தலை…"

டிங்.

தொடர்பு போய்விட்டது என்று அந்தப் பெண் குரல் சொன்னது. 4.52.

வெளிச்சம் மரத்திலிருந்து இறங்கிச் சாலைக்கு வந்தது.

இறங்கிவிட்டான்.

குனிந்து பார்த்தேன். நான் மடித்து வைத்த பின் கால்மிதிகள் இரண்டும் விரிந்திருந்தன.

எப்படி வீடு வந்தேன் என்று நோட்டில் இல்லை. 6.35-க்குப் பரண் மேல் ஏறினேன். ஆஸ்பத்திரியில் தம்பியின் பொருட்களை ஒட்டிக் கொடுத்த கவர் அங்கேதான் இருக்கிறது. அன்று கையெழுத்துப் போட்டு வாங்கியதோடு சரி, திறக்க மனம் வரவில்லை. கவரின் மேலேயே பட்டியல் எழுதியிருக்கிறார்கள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரை படிக்கிறவன் நான். இந்த நான்கு வரியை மூன்று வருடமாகப் படிக்கவில்லை.

சட்டை 1. பேன்ட் 1. கைக்கடிகாரம் 1.

வலது கையில் பிடித்திருந்த கறுப்புக் கருவி 1.

கிழித்தேன். ஹெட்செட். ஹெல்மெட்டில் மாட்டும் அந்தக் கொக்கி உடைந்திருந்தது. ஒரு பக்கம் நசுங்கி, பேட்டரி வீங்கி வெடித்து, உள்ளே எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. சார்ஜர் சொருகவே இடமில்லை. பின்னால் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4471.

போனை எடுத்து என் ஹெட்செட்டின் பதிவைப் பார்த்தேன். இணைந்த கருவி 4471. இணைந்த நேரம் 4.47. துண்டித்த நேரம் 4.52.

அது அப்போது என் வீட்டுப் பரண் மேல் இருந்தது. வளைவிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்.

7.10-க்கு உனக்குப் போன் செய்தேன். நாம் பேசியது முழுவதும் இவ்வளவுதான்:

"ரெண்டாவது ஹெட்செட்ட எங்க தொலைச்ச?"

"எதுக்குடா காலங்காத்தால அது?"

"அவன் குரல் உனக்கு எவ்வளவு தூரம் வரைக்கும் கேட்டுச்சு?"

வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ எடுக்கவில்லை. மாலை உன் மனைவி எடுத்தார். அழுதார்.

அந்தக் கருவி திறந்த சாலையில் நானூறு மீட்டர் எட்டும். நீ எவ்வளவு விரட்டிப் போயிருந்தாலும் இருபது வினாடியாவது கேட்டிருக்கும். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகத் தெரிந்த உனக்கு, கையில் இருந்ததைப் பார்க்கத் தெரியவில்லை. ஹெல்மெட் இல்லாததால்தான் அவன் நடந்து போனவன் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். பிறகு வந்து அவன் சவப்பெட்டியையும் தூக்கினாய்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. உன் ஷெட்டிலும் அந்தத் திருகு மூன்று வருடம் தானாகத் திரும்பியிருக்கும். வண்டிக்கு நெருப்பு வைத்திருக்கலாம். பள்ளத்தில் தள்ளியிருக்கலாம். எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டார்களே! ஏன் என்னிடம் கொடுத்தாய்? தாங்க முடியாமல் என் தலையில் கட்டினாயா? இல்லை, அவனை வீட்டில் கொண்டுவந்து விட்டாயா?

பதில் எழுத வேண்டாம். இதன் நகலும், அந்த ஹெட்செட்டும், கவரும் நாளை காலை பத்து மணிக்கு நானே கொண்டுபோய் போலீஸில் கொடுக்கிறேன். அதற்குள் நீயாக அங்கே போய் உட்கார்ந்திருந்தால், உன் பெண்ணிடம் சொல்ல உனக்கு ஏதாவது மிஞ்சும்.

மணி 5.40. மாலை. உறையை ஒட்டும் முன்பு ஒரு தடவை ஷெட்டுக்குப் போய் வந்தேன். திருகு எட்டில்தான் இருந்தது. எனக்காகக் காத்திருந்தது போல.

நானே இருபதுக்குத் திருப்பினேன். பின் கால்மிதி இரண்டையும் விரித்து வைத்தேன்.

உன் வீட்டு வாசல் தபால் பெட்டி வரை மெதுவாகத்தான் போகப்போகிறேன். தட்டினால் நிறுத்துவேன்.

இப்போது ஒட்டுகிறேன்.