ஒன்பதாவது மீனின் நீளம்

அன்று மாலை முதலியார்பேட்டையில் எங்கள் டைப்பிங் கடையில் இருந்தது மூன்றே பேர்: நான், பக்கங்களை அடுக்கி ஸ்டேப்லர் பின் அடித்துக்கொண்டிருந்த என் மனைவி, கல்லூரியிலிருந்து நேராக வந்த விலங்கியல் மேடம்.

மேடம் தற்காலிக விரிவுரையாளர். உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் பாடத்தைப் புதிதாக அமைக்கும் வேலையைக் கல்லூரி அவருக்குக் கொடுத்திருந்தது. அது நிறைவேறினால்தான் அடுத்த வருடமும் வேலை. சூத்திரத்தில் ஆரம்பித்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்று கனகசெட்டிக்குளம் கடற்கரைக்கே போய், பத்துக் கானாங்கெளுத்தி மீன்களை அளந்து முதல் பாடத்தை எழுதியிருந்தார்.

டைப் அடித்தது நான். எட்டாவதோடு நின்றவன். தப்பு விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் ஒவ்வொரு தாளையும் நாலு தடவை பார்ப்பேன். மற்ற மீன்களெல்லாம் இருபதிலிருந்து இருபத்து நாலு சென்டிமீட்டருக்குள். ஒன்பதாவது மட்டும் 32. அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்து 23 ஆக்கினேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று கூச்சம்.

"காலையில பாடத்திட்டக் கமிட்டியில ஒருத்தரு கால்குலேட்டர்ல கூட்டிப் பாத்தாருண்ணா," என்றார் மேடம். "சராசரி 23ன்னு போட்டிருக்கு, 22.1தானே வருதுன்னாரு. சராசரியே போடத் தெரியல, இவங்க பாடம் எழுதுறாங்களான்னு சிரிச்சிட்டாங்க. பழைய பாடமே இருக்கட்டும்னு முடிச்சிட்டாங்க."

அந்த நீள மீன் ஒன்றே சராசரியை மேலே இழுத்துவிடும், சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் வரும் அளவோ அசையாது. அதைக் காட்டுவதற்குத்தான் அந்தப் பாடமே. அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"எட்டாங்கிளாஸ் வாத்தியாரு மீனு வாலையே வெட்டிட்டாரு," என்றாள் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

"நான் வந்து சொல்லட்டுமா மேடம்? தப்பு என்னுதுன்னு?"

"இன்னான்னு சொல்வீங்க? நீ படிச்சுப் பாக்காமயா கொண்டாந்தன்னு என்னைத்தான் கேப்பாங்க." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க அடிச்சா சரியா இருக்கும்னு நான் பாக்கலண்ணா."

பிள்ளைகளுக்குக் கொடுக்க எடுத்துவைத்த பாடத்தின் அறுபது பிரதிகளும் மேசைமேல் கிடந்தன. அதற்கு அவர் கொடுத்திருந்த முன்பணம் இரண்டாயிரம். கல்லாவில் ஐந்நூறுதான் இருந்தது. வேண்டாம் என்றவரின் கைப்பையில் திணித்தேன்.

வருடம் முடிந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். இப்போது எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், தெரியாது. போன் போட்டால் எடுப்பதில்லை. எடுத்தால் மட்டும் என்ன சொல்லப்போகிறேன். அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.