தொட்டுப் பார்க்காத எஞ்சின்

உக்குவளையில் எஞ்சின் பழுதுபார்க்கிற பதுர்தீன் பாஸ் மனிதர்கள் எல்லாரையும் நம்புவார். எஞ்சினை மட்டும் நம்பமாட்டார். பழைய உழவு மெஷின் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். விற்கிறவன் என்ன புகழ்ந்தாலும் காதில் வாங்காமல் நேரே போய்ப் புறங்கையை எஞ்சினில் வைப்பார். சூடாக இருந்தால் திரும்பி நடந்துவிடுவார். "நாம வர முந்தியே ஓட்டிப் புகையை ஊதித் தள்ளிட்டான். எண்ணெய் குடிக்கிற மெஷின் இது."

அப்பேர்ப்பட்டவர் தனக்கென்று ஒன்று வாங்கியபோது தொடவில்லை.

விற்றவன் சசிக்குமார். இருவரும் ஒரே கராஜில் வேலை பழகிய கூட்டாளிகள். அவன் பிறகு பல்லேகமவுக்குப் போய் வயல் உழுதான். இப்போது கத்தாருக்குப் போகிறான். மெஷின் முற்றத்தில் நின்றது. பதுர்தீனின் கை அதை நோக்கி நீளும்போதே சசிக்குமாரின் மனைவி நிஷாந்தி அண்ணன் முறையில், "முதல்ல சாப்பிடுங்க நானா. கோழி உங்களுக்குச் சரிவராதுன்னு மீன் ஆக்கியிருக்கேன்" என்றாள். தனக்காக ஹலால் பார்த்துச் சமைத்த வீட்டில் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பது, போட்ட சோற்றை முகர்ந்து பார்ப்பது மாதிரி. சாப்பிட்டார். மெஷின் முதல் சுற்றிலேயே பிடித்தது. புகையே இல்லை.

மறுநாள் காலை வீட்டில் கிளப்பினார். பக்கத்து வீட்டுக் கொடித்துணி முழுக்க நீலப் புகைக்குள் மறைந்தது.

"இதைப் பார்த்தா வாங்கினீங்க?" என்றாள் மனைவி ஸஹ்ரா.

"சாப்பிட்டு வாங்கினேன்."

அதன்பிறகு அவர் பார்த்தது பாஸ் வேலையில்லை, கூட்டாளிக்காக வக்கீல் வேலை. எண்ணெய் கூடிப்போனாலும் புகையும் என்று அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. வடித்தால் கித்துள் பாணி மாதிரிக் கெட்டிப் பாகாக விழுந்தது. புகையை அமுக்க ஊற்றுகிற எண்ணெய்.

"கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான்" என்றார்.

வால்வுப் பக்கம் கசிந்தால் கிளப்பும்போது புகைந்து பிறகு அடங்கும். சுமையேற்றி ஓட்டினார், அடங்கவில்லை. எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புஸ்புஸ்ஸென்று காற்று. ரிங் தேய்ந்து, சிலிண்டர் காற்று கீழே இறங்குகிறது.

"உள்ளுக்குத் தேய்றது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சிச்சே" என்றாள் ஸஹ்ரா.

ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் கரி இல்லை. யாரோ அண்மையில் சுரண்டியிருந்தார்கள். லைனரில் கீறல்கள். பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டு, இரண்டு பக்கமும் வெள்ளி பெயின்ட் பூசியிருந்தது. மற்றவர்கள் கிரீஸ் பூசுவார்கள். வெள்ளி பெயின்ட் அவர்கள் இருவரும் வேலை பழகிய கராஜின் பழக்கம். உக்குவளைக்கும் பல்லேகமவுக்கும் நடுவில் அப்படிப் பூசுகிறவர்கள் இரண்டே பேர்; ஒருவர் இப்போது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் எழுந்து கையைக் கழுவினார்.

புது லைனர், ரிங், கேஸ்கட் எல்லாம் போட்டார். மெஷின் புகையை மறந்தது. பயணத்துக்கு முன் சசிக்குமார் போன் பண்ணினான்.

"மெஷின் எப்படி நானா?"

"நல்லா ஓடுது." இதில் பொய்யில்லை.

"போறதுக்குள்ள ஒருநாள் சோத்துக்கு வாங்களேன். நிஷாந்தி கேட்டுக்கிட்டே இருக்கா."

"வேணாம் தம்பி. இனி நான் தொட்டுப் பார்த்துட்டுத்தான் சாப்பிடுவேன்."

எதைத் தொட்டு என்று சசிக்குமார் கேட்டிருக்கலாம். கேட்பான் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார் பதுர்தீன். "சரி நானா" என்றது மறுமுனை.