காலையிலேயே முடிந்த வேலைகள்

என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'அவர்' என்றே எழுதுகிறேன். மரியாதை மனதிலிருந்து வரவில்லை, பழக்கதோஷத்தில் வருகிறது. இடது கையால் எழுதுவதால் என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். அதற்கும் அவர்தான் காரணம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். அவரை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். கல்யாணமான இரண்டாம் வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரை மேலாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "நம்ம மாப்பிள்ளைதான் சார், வேலை சுத்தமா இருக்கும்" என்று சொன்ன வாய் இந்த வாய்தான். அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போது அவர் சரியான சோம்பேறி. ஒன்பது மணி வேலைக்கு ஒன்பதரைக்கு வருவார். கேட்டால் பஸ் மேல் பழி போடுவார். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு காது இருந்தது. மெஷின் ரூம் கதவில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, மோட்டார் ஓடுவதைக் கேட்பார். "மச்சான், பிரேக் கட்டை ஒரு பக்கமா உரசுது" என்பார். பிரித்துப் பார்த்தால் உரசியிருக்கும். வேலை நடுவில் பாட்டுப் பாடுவார், என் சாப்பாட்டில் பாதியைத் தின்பார், சாயங்காலம் என் தங்கையை வம்புக்கு இழுத்துச் சிரிக்க வைப்பார். அந்தச் சோம்பேறியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தது. காதோரம் மைக் மாட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். லிஃப்டில் ஏறி இறங்கியதைத் தவிர லிஃப்டுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆளுக்கொரு நீல அட்டை நோட்டு கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே 'என் நோக்கம்', நடுவில் 'இன்றைய மூன்று வெற்றிகள்', அடியில் 'நன்றி' என்று அச்சடித்திருந்தது.

"தினமும் காலையில பத்து நிமிஷம் எழுதுங்க. செய்யப்போறேன்னு எழுதாதீங்க. செஞ்சு முடிச்சாச்சுன்னு எழுதுங்க. மனசு அதை நம்பிடும். மனசு நம்பிடுச்சுன்னா கை தானா செஞ்சிடும்" என்றார்.

என் நோட்டு வீட்டில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் போனது. அதன் வாழ்வின் நோக்கம் அன்றைக்கே நிறைவேறிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் மறுநாள் ஐந்தரைக்கே எழுந்து எழுத ஆரம்பித்தார்.

முதல் மாதம் எல்லோருக்கும் ஆச்சரியம். நேரத்துக்கு வந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டார். அவர் கொடுக்கும் வேலைத் தாள்களில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. மேலாளர் அவர் போட்டோவைச் சுவரில் மாட்டினார். நாங்கள் அவருக்கு 'டைரி' என்று பேர் வைத்தோம். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். மோட்டார் சத்தம் கேட்க அவருக்கு இப்போது நேரமில்லை. பாட்டு நின்றுபோனது. டீ குடிக்கிற ஐந்து நிமிடத்தில் புத்திமதி வேறு.

"மச்சான், உங்க வாழ்க்கையோட நோக்கம் என்னன்னு என்னைக்காவது எழுதிப் பாத்திருக்கீங்களா?"

"சாயங்காலம் முழுசா வீட்டுக்குப் போய்ச் சேரணும். இதுக்கு எதுக்கு மாப்பிள்ளை நோட்டு?"

"இதான் உங்ககிட்ட உள்ள குறை. பெருசா யோசிக்க மாட்டேங்கிறீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை முகத்துக்காக டீயை விழுங்கினேன். அவளிடம் ஒருநாள் கேட்டேன், வீட்டில் எப்படி என்று. "நல்லாத்தான் இருக்காரு" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனி எங்கள் வேலையைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும். லிஃப்ட் ஓடும் வழிக்கு அடியில், தரைமட்டத்துக்குக் கீழே ஒரு குழி உண்டு. அதில் ஒருவர் இறங்குவதற்கு முன்னால் இன்னொருவர் உச்சியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய், மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, கீழே வந்து, அணைத்த நேரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை அட்டையில் கிளிப் போட்டுக் கீழ்த்தளக் கதவருகே மாட்ட வேண்டும். குழியில் இறங்குகிறவன் அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் காலை உள்ளே வைப்பான்.

வேனில் போகும்போது மாப்பிள்ளை எழுதிக்கொண்டே வருவார். டைரி எழுதுகிறார் என்று நினைத்து நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன். அவர் எழுதிக்கொண்டிருந்தது அந்தத் தாள் என்று பின்னால்தான் புரிந்தது. ஒன்பது நாற்பதுக்கு மெயின் அணைத்தாயிற்று. பூட்டுப் போட்டாயிற்று. கையெழுத்து. நாங்கள் போய்ச் சேர வேண்டிய கட்டிடத்தின் தெருவுக்குள் வேன் இன்னும் திரும்பியிருக்காது. ஐந்து மாதமாக இப்படித்தான் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு ஒழுங்காகப் போய் அணைத்தும் வந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அன்று பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலை. நான் வேனை நிறுத்திவிட்டு, கிரீஸ் டப்பாவையும் துணியையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அட்டை மாட்டியிருந்தது. நேரம் இருந்தது, கையெழுத்து இருந்தது. கதவைச் சாவி போட்டுத் திறந்து குழிக்குள் இறங்கினேன். ஏணிக்குப் பக்கத்திலேயே லிஃப்டை நிறுத்தும் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். இறங்கியதும் அதை அழுத்த வேண்டும் என்பது விதி. நான் அழுத்தவில்லை. மெயினே அணைந்திருக்கிறதே, இது எதற்கு என்று விட்டுவிட்டேன். கதவு என் முதுகுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது.

குழியில் ஒரு சக்கரம் இருக்கும். அதைச் சுற்றி ஒரு கம்பி வடம் மேலே போகும். லிஃப்ட் நகர்ந்தால் வடமும் ஓடும். நான் வடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் துணியை விட்டு அழுக்கை வழித்துக்கொண்டிருந்தேன். வடம் ஓடியது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் சத்தம்தான். மேலே அண்ணாந்து பார்த்தால் லிஃப்டின் அடிப்பாகம் இறங்கி வந்துகொண்டிருந்தது. இடது கையால் சிவப்புப் பொத்தானை எப்படி எட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லிஃப்ட் நின்றது. காவலாளி ஓடி வந்து கதவைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை படியில் தடதடவென்று இறங்கி வந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். தாளைக் கீழே மாட்டிவிட்டு மேலே போகும் வழியில் எட்டாம் மாடி அம்மா கதவு கிறீச்சிடுகிறது என்று கூப்பிட்டாராம், நின்று சரிசெய்துகொண்டிருந்தாராம். மெஷின் ரூம் பக்கமே போகவில்லை.

"அணைச்சேனே மச்சான், அணைச்ச மாதிரிதானே இருக்கு" என்றார்.

குழிக்குள்ளிருந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பத்தாம் நாள் கம்பெனியில் விசாரணை என்று சொல்லியிருந்தார்கள். மெயினை அணைத்திருந்ததாகவும், வெளியாள் யாரோ பூட்டை உடைத்து சுவிட்சைப் போட்டுவிட்டதாகவும் நான் சொன்னால் மாப்பிள்ளை வேலை தப்பும். உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், லைசென்ஸும் போகும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் வேலை கிடையாது. என் தங்கை, பள்ளிக்கூடம் போகிற பாப்பா, இரண்டு பேர் வயிறும் என் வாயில் தொங்கியது. படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்ததில், பொய்யே சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். தேய்த்த சட்டை. கட்டிலருகே உட்கார்ந்ததும் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"மச்சான், நாளைய பக்கத்தை இன்னைக்கே எழுதிட்டேன். படிங்க, உங்களுக்கும் தைரியமா இருக்கும்."

என் மடியில் விரித்து வைத்தார். அழகான கையெழுத்து, அதைக் குறை சொல்ல முடியாது. 'விசாரணையில் மச்சான் எனக்காகப் பேசினார். வெளியாள் செய்த தவறு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மச்சான் மனதில் என்மேல் துளி வருத்தமும் இல்லை. இருவரும் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தோம். நன்றி.'

எந்தக் கையைக் கோத்துக்கொண்டு வந்தோம் என்று எழுதவில்லை.

"இதுல மன்னிப்பு எங்க கேட்டிருக்கீங்க?" என்றேன்.

"அதான் நீங்க மன்னிச்சிட்டீங்களே, எழுதியிருக்கே" என்றார். விரலை வைத்து அந்த வரியைக் காட்டினார்.

"எந்திரி" என்றேன்.

பன்னிரண்டு வருடத்தில் அவரை நான் ஒருமையில் பேசியது அன்றுதான். "எந்திரிடா. எந்திரிச்சு வெளிய போ. இன்னும் ஒரு நிமிஷம் நின்னா இந்தக் கையாலயே அடிப்பேன்." நர்ஸ் ஓடி வந்தார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை நோட்டை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரத்தில் தங்கை வந்தாள். அவரை வாசலில் பார்த்திருக்கிறாள், விஷயம் தெரிந்திருக்கிறது. கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"அழாத. உனக்காகவும் பாப்பாவுக்காகவும் நான் அப்படியே சொல்லிடுறேன். அவன் மூஞ்சிக்காக இல்ல."

"யாரு அழுதா?" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லைதான். "அண்ணா, அவரு அலமாரியில ஏழு நோட்டு இருக்கு. ஏழையும் படிச்சிருக்கேன். என்னைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போனதா எழுதியிருக்காரு. நான் தனியா போய்ட்டு வந்தேன். பாப்பாவுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்ததா எழுதியிருக்காரு. அது பக்கத்து வீட்டு அக்காகிட்ட போய்க் கேட்டுக்குது. எங்கூட தினமும் ஒரு மணி நேரம் பேசினாராம். ரெண்டு வருஷமா தினமும் பேசியிருக்காரு, எனக்குத்தான் தெரியல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? அடிக்கல, குடிக்கல, காலையில எந்திரிச்சு நல்ல விஷயமா எழுதுறாருன்னா? நீயே சிரிச்சிருப்ப." கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "எழுதி முடிச்சதும் அவருக்கு அந்த வேலை முடிஞ்சிடுது அண்ணா. வீட்டுல யாரும் குழியில இறங்கல, அதனால வெளிய தெரியல. நாளைக்கு அவரு எழுதினதை நீ சொல்லிட்டேன்னா அந்த நோட்டு ஜெயிச்சிடும். சொல்லாத."

"வேலை போயிடும்மா."

"எனக்குக் கை கால் இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் என் கை அவளுக்கு நினைவு வந்தது. அப்போதுதான் அழுதாள்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. மேலாளரோடு இரண்டு அதிகாரிகள். சுவரில் இன்னும் மாப்பிள்ளையின் போட்டோ இருந்தது. முதலில் நான் சிவப்புப் பொத்தானை அழுத்தாததைச் சொன்னேன், ஏனென்றால் அது என் தப்பு. பிறகு தாளைப் பற்றிச் சொன்னேன். "சார், அது நாங்க கட்டிடத்துக்குப் போறதுக்கு முன்னாடியே எழுதினது." ஓர் அதிகாரி பழைய தாள்களை எடுத்துப் பார்த்தார். ஒரே வாரத்தில் நான்கு கட்டிடங்கள், நான்கிலும் நேரம் ஒன்பது நாற்பது. மாப்பிள்ளைக்கு வேலை போனது. என்னை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு உதிரிப் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள்.

வெளியே தங்கை நின்றிருந்தாள். மாப்பிள்ளை எனக்கு முன்னால் வந்து மறித்துக்கொண்டார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நானும் திட்டலாம், மனதுக்கு ஆறுதலாக இருக்கும். அவர் முகத்தில் கோபமே இல்லை. வியப்பாக என்னைப் பார்த்தார்.

"ஏழு நோட்டு எழுதியிருக்கேன் மச்சான். எழுதினது அத்தனையும் நடந்துச்சு. இது ஒண்ணுதான் நடக்கல. ஏன்னு புரியல."

தங்கை இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது. அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் இடது கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"நட அண்ணா. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

அவர் அங்கேயே நின்றார். பஸ் நிறுத்தம் வரை நடந்தோம், இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.